பழைய பிக்கப்பில் அறுந்த ஹேண்ட்பிரேக் கேபிளை மாற்றிய அனுபவம்

ஹேண்ட்பிரேக்கை இழுத்தபோது கையில் வழக்கமான கனம் தட்டுப்படவில்லை. லீவர் பல் பல்லாக மேலே ஏறியதே தவிர, மறுமுனையில் எதுவும் பிடிக்கவில்லை. இருபது வருடத்தைத் தாண்டிய பிக்கப் அது. கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு அடியில் குனிந்து பார்த்தேன். வலது பின்சக்கரத்துக்குப் போகும் கேபிள் அறுந்து தொங்கியது.

கியரில் நிறுத்தினால் போதுமே, இதற்கு ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. லோடு ஏற்றுகிற வண்டிக்கு அது போதாது. மேனுவல் வண்டியைக் கியரில் நிறுத்தினால், அதைப் பிடித்து வைப்பது இன்ஜின் சுற்றுவதற்குக் காட்டும் எதிர்ப்பு மட்டும்தான். பாரத்தோடு சரிவில் நின்றால் அது மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் மொத்தப் பாரமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்பு நாக்கின் மேல் போய் நிற்கும். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. கால் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. எங்காவது கசிந்து அது கைவிட்டால், எண்ணெயோடு சம்பந்தமில்லாமல் பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஒரே வழி இந்த இரும்புக் கயிறுதான். அதை அறுந்தபடியே விட்டுவைத்து ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகை வண்டிகளில் லீவரிலிருந்து ஒரு முன்கேபிள் சேஸிஸின் நடுப்பகுதி வரை வருகிறது. அங்கே ஈக்வலைசர் என்ற சின்ன இரும்புத் துண்டு, இழுவையை இரண்டாகப் பிரித்து இடது, வலது பின்கேபிள்களுக்குக் கொடுக்கிறது. பின்கேபிள் ஒவ்வொன்றும் ஒரு உறைக்குள் ஓடி, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளையான டிரம்மின் பின்னால் இருக்கும் தகட்டைத் துளைத்து உள்ளே போகிறது. உள்ளே, விரிந்து டிரம்மை உரசிப் பிடிக்கும் இரண்டு வளைந்த பிரேக் ஷூக்களில், பின்பக்க ஷூவில் மேல்முனை மாட்டப்பட்ட ஒரு லீவர் இருக்கும். கேபிள் அதன் கீழ்முனையை இழுக்க, அது குறுக்குப் பட்டையைத் தள்ளி இரண்டு ஷூக்களையும் விரிக்கிறது. சரியாக வேலை செய்ய இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தடையில்லாமல் நகர வேண்டும்.

அதனால்தான் புது கேபிள் வாங்குவதற்கு முன் இது ஏன் அறுந்தது என்று பார்த்தேன். அறுந்த இடம், உறை முடிந்து கம்பி வெளியே வரும் முனை. அங்கே இருக்க வேண்டிய ரப்பர் மூடி கிழிந்திருந்தது. தண்ணீரும் சேறும் உள்ளே இறங்கி, உறைக்குள்ளேயே துரு பிடித்திருக்கிறது. முறுக்கிய இழைகள் ஒவ்வொன்றாக விட்டு, கடைசி இழைகள் பாரம் தாங்காமல் போயிருக்கின்றன. இடது கேபிளைக் கையால் இழுத்துப் பார்த்தேன். அறவில்லை, ஆனால் போனது திரும்பி வரத் தயங்கியது. இப்படித் தயங்கும் கேபிள் அறுந்ததைவிட மோசமாகக்கூடப் போகலாம், ஏனென்றால் பிரேக்கை விடுவித்த பிறகும் ஷூவை முழுதாக விடாது. டிரம் உரசிச் சூடேறிக்கொண்டே ஓடும். ஆகவே இரண்டையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். முன்கேபிள் நன்றாக ஓடியது, அதை விட்டுவிட்டேன்.

கேபிள் வாங்குவதில்தான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். ஒரே மாடல் பெயரில் வரும் பிக்கப்பிலேயே கேபினின் நீளம், வீல்பேஸ், வருடம் மாறினால் கேபிளும் மாறும். பல வண்டிகளில் இடதும் வலதும்கூட ஒன்றல்ல. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்பதே சரி. அதோடு கழற்றிய பழைய கேபிளைப் பக்கத்தில் நீட்டி வைத்து ஒப்பிட வேண்டும். மொத்த நீளம் ஒன்றுபோல இருந்தால் மட்டும் போதாது. உறைக்கு வெளியே எவ்வளவு கம்பி தெரிகிறது என்பதுதான் கணக்கு. உறை கொஞ்சம் நீளமாக இருந்துவிட்டால் வெளியே கம்பி குறைந்து, மாட்டும்போதே ஷூவை இழுத்துப் பிடித்துவிடும். உறை குட்டையாக இருந்தால் ஈக்வலைசரில் கேபிளை இறுக்கும் அட்ஜஸ்ட் நட்டைக் கடைசிவரை முறுக்கினாலும் தொய்வு போகாது. முனையில் இருக்கும் குண்டின் அளவு, உறையைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பின் அளவு, நடுவில் சேஸிஸோடு மாட்டும் பிராக்கெட் இருக்கும் இடம், இவை மூன்றும் பொருந்த வேண்டும்.

அப்புறம் வேலை. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தேன். இந்த வேலையில் ஹேண்ட்பிரேக் கிடையாது, பின்சக்கரங்கள் இரண்டும் தரையில் இல்லை, டிரம் சுற்றுவதற்காக கியரும் நியூட்ரலில் இருக்கும். வண்டியை நிறுத்தி வைப்பது அந்தக் கட்டைகள்தான். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டுகளைக் கொடுத்து, ஜாக்கியை இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதை நான் யாருக்கும் அனுமதிக்க மாட்டேன். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட்.

ஈக்வலைசரில் இருக்கும் அட்ஜஸ்ட் நட் துருவில் உறைந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். முந்தின நாள் மாலையே மரைகளை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டிருந்தேன். காலையில் இன்னொரு தடவை அடித்தேன். நட்டைத் திருப்பும்போது கம்பியும் சேர்ந்து சுற்றினால் முன்கேபிள் முறுக்கிக்கொள்ளும். அதனால் மரை இல்லாத பகுதியை வைஸ் கிரிப்பால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாகக் கொண்டு வந்தேன். ஒரே மூச்சாகத் திருகினால் மரை போய்விடும், அல்லது கம்பியே ஒடிந்துவிடும்.

டிரம்மும் லேசில் வரவில்லை. இரண்டு இடங்களில் அது பிடித்துக்கொள்ளும். ஒன்று, நடுவில் ஹப்போடு உட்காரும் வளையத்தில் பிடிக்கும் துரு. அங்கே எண்ணெய் விட்டு, வீல் போல்ட்டுகளுக்கு இடையே சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் துரு விடும். விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். இரண்டாவது, ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்மின் உள்ளே ஒரு வரப்பு உண்டாகியிருக்கும். ஷூ அந்த வரப்பைத் தாண்டி வராது. பின்தகட்டில் இருக்கும் ரப்பர் அடைப்பைக் கழற்றி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அட்ஜஸ்டர் நாக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் ஷூக்களின் விரிவைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைத் தளர்த்தினேன். ஷூக்கள் சுருங்கியதும் டிரம் கையோடு வந்தது. சில வண்டிகளில் டிரம்மிலேயே இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அதில் போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிரம்மை அதுவே வெளியே தள்ளும்.

உள்ளே இருந்த தூசியை ஊதவில்லை. ஷூவின் மேல் டிரம்மை உரசும் பட்டையான லைனிங்கில், பழையவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்புண்டு, நுரையீரலுக்கு அது விஷம். பிரேக் கிளீனரால் நனைத்து, அடியில் ஒரு தட்டை வைத்து வழியவிட்டுத் துடைத்தேன். முகக்கவசமும் கண்ணாடியும் போட்டிருந்தேன். கண்ணாடி தூசிக்கு மட்டுமல்ல, ஸ்பிரிங்குகளுக்கும் வேண்டும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் கால் பிரேக்கைத் தொடக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். தொட்டால், எண்ணெய் அழுத்தத்தில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம். எந்த ஸ்பிரிங் எதற்கு மேல், எந்தக் கொக்கி எந்தத் துளையில் என்ற சந்தேகம் வரும்போது, கழற்றாத பக்கம் கண்ணாடிபோல் பதில் சொல்லும். கழற்றும் முன் படமும் எடுத்துக்கொண்டேன். நட்சத்திர அட்ஜஸ்டரை மட்டும் இடதை வலதில் மாற்றிப் போடக் கூடாது. இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசை. மாறிப் போனால் தானாக இறுக வேண்டியது தானாகத் தளரும்.

கேபிள் முனையை லீவரிலிருந்து எடுக்க, அதன் மேல் இருக்கும் ஸ்பிரிங்கை பிளையரால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, குண்டை லீவரின் வெட்டிலிருந்து நழுவவிட வேண்டும். பின்தகட்டில் உறையைப் பிடித்திருப்பது விரல்கள் விரிந்த ஒரு கிளிப். எல்லா விரல்களையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் வெளியே வரும். அவற்றின் மேல் ஹோஸ் கிளாம்ப் ஒன்றை மாட்டி இறுக்கினேன். விரல்கள் மடங்கியதும் பின்னாலிருந்து தட்ட, உறை வெளியே வந்துவிட்டது. சேஸிஸ் பக்கத்தில் கிளாம்ப் நுழைய இடமில்லை. எப்படியும் தூக்கிப்போடும் கேபிள்தானே என்று கம்பியை வெட்டிவிட்டு, பொருத்தமான ரிங் ஸ்பானரை அந்த முனை வழியாக விரல்களின் மேல் தள்ளினேன்.

கேபிளைக் கழற்றிய கையோடு ஷூவில் இருந்த லீவரை விரலால் ஆட்டிப் பார்த்தேன். அசைய மறுத்தது. மேல்முனையை மாட்டியிருக்கும் ஊசி துரு கட்டி இறுகிக் கிடந்தது. கிழிந்த ரப்பர் மட்டுமே காரணம் இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. லீவர் இறுக இறுக, பிடிப்பு வருவதற்காகக் கையில் அதிகம் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த அதிகப்படி பாரம் முழுவதும், ஏற்கெனவே துருவில் மெலிந்த கம்பி மேல் விழுந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் புது கேபிளை மாட்டியிருந்தால் அதுவும் அதே பாரத்தைச் சுமந்திருக்கும். எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டி இளக்கி, துருவைச் சுரண்டி, சூடு தாங்கும் பிரேக் கிரீஸைத் துளியளவு வைத்தேன். ஷூக்கள் பின்தகட்டில் உரசும் மேடுகளுக்கும் அட்ஜஸ்டர் மரைக்கும் அதே கிரீஸ். லைனிங் பக்கம் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிகளைத் தூக்கிப் பார்த்தேன், ஈரமில்லை. அங்கே கசிவிருந்தால் லைனிங் எண்ணெயில் ஊறி, எந்தக் கேபிள் போட்டாலும் பிடிக்காது.

புது கேபிளை மாட்டுவது இதையெல்லாம்விட எளிது. விரல்கள் ஒவ்வொன்றும் விரிந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்து, பின்னுக்கு இழுத்தும் சோதித்தேன். பழைய கேபிள் போன வழியிலேயே, அதே பிராக்கெட்டுகளில் பிடித்து, சைலன்சர் குழாயின் சூட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோனேன். பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டிவிடக் கூடாது. லோடு ஏறும்போதும் பள்ளத்தில் விழும்போதும் ஆக்சில் மேலும் கீழும் போகும், அதற்கான தளர்வு உறையில் இருக்க வேண்டும்.

இனி அட்ஜஸ்ட்மென்ட். பலர் நேராக ஈக்வலைசர் நட்டை முறுக்கப் போய்விடுகிறார்கள். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருக்கும்போது கேபிளை இறுக்கினால், உள்ளே லீவர் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும். ஷூ தன் இருப்பிடத்தில் முழுதாகப் போய் உட்காராது, தானியங்கி அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் கேபிளை முழுதாகத் தொய்வாக விட்டு, முதலில் நட்சத்திரச் சக்கரத்தைத்தான் திருப்பினேன். டிரம்மைச் சுற்றும்போது லேசாக, ஒரே சீராக உரசும் சத்தம் வரும் வரைக்கும். பிறகு இரண்டு டிரம்களும் மாட்டிய நிலையில் கால் பிரேக்கைப் பல தடவை மிதித்து ஷூக்களை நடுவில் உட்காரவைத்து, மறுபடி சரிபார்த்தேன்.

கேபிள் நட்டுக்கு ஒரு ஆள் துணை வேண்டும். அண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்து லீவரைப் பிடித்துக்கொண்டார். புது கேபிள் என்பதால் முதலில் நன்றாகப் பலமாகப் பல தடவை இழுத்து விடச் சொன்னேன். உறையும் கிளிப்பும் அமர்ந்து, நட்டில் கொஞ்சம் தொய்வு விழுந்தது. அதை எடுத்தேன்.

"இன்னும் ஒரு பல் இழுண்ணே."

"இழுத்தாச்சு. சக்கரம் சுத்துதா?"

வலது நின்றுவிட்டது, இடது இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நட்டில் கை வைக்காமல் இடது நட்சத்திரச் சக்கரத்தை ஓரிரு பல் திருப்பியதும் இரண்டும் ஒன்றாகப் பிடித்தன. எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும், அந்த அளவுக்குள் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பிரேக்கை விடுவித்ததும் சக்கரங்கள் கையால் தள்ளவே தாராளமாகச் சுற்றின. பூட்டு நட்டை இறுக்கி, வெளியே தெரியும் மரைகள் மேல் கனமாக கிரீஸ் பூசினேன்.

சக்கரங்களை மாட்டி இறக்கியதும் முதல் சோதனை வெறும் வண்டியோடு, ஆள் நடமாட்டமில்லாத சரிவில். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, மறுபடி மிதிக்கத் தயாராக இருந்தபடியே கால் பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன். நின்றது. மூக்கு மேட்டைப் பார்த்தும், பள்ளத்தைப் பார்த்தும் இரண்டு விதமாகவும் நிறுத்திப் பார்த்தேன். அதற்கடுத்துதான் லோடு. நன்றாக ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பின்டிரம்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டேன். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் ஷூ விடவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒரே அளவில்தான் சுட்டன.

சில நாள் ஓட்டியதும் லீவர் முன்னைவிட ஒரு பல் அதிகமாக வந்தது. புது கேபிளில் இது சகஜம். நட்டை அரைச் சுற்று இறுக்கினேன், அதன் பிறகு அளவு மாறவில்லை. சமதளத்திலும் ஹேண்ட்பிரேக் போட்டே நிறுத்துகிறேன், தினமும் உறைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கம்பி சீக்கிரம் இறுகாது. மழைக்காலம் முடிந்ததும் அடியில் படுத்து அந்த ரப்பர் மூடிகள் இரண்டையும் பார்த்துவிடுகிறேன்.