ஆறு நாளில் ஒரு கனடா வக்கீல்

கடிதம் வந்து நான்கு நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. ஏஜென்ட் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, கீழே "பயப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ரொட்டீன்தான்" என்று போட்டிருந்தார். பதில் சொல்ல கனடா குடிவரவுத் துறை கொடுத்த அவகாசமே 10 நாள். அதில் நான்கு நாள் அவருடைய மெயிலில் தூங்கியிருக்கிறது. என் பேரில் தொடங்கிய ஆன்லைன் கணக்குக்கு அவர் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

என் மனைவி ஒன்டாரியோவில் நர்ஸ். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன், வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூமில் கணக்குப் பார்க்கிறேன். அவளுடைய வேலையைக் காட்டி எனக்கு ஓப்பன் ஒர்க் பெர்மிட், அதாவது குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம்தான் என்று கட்டாதே வேலை பார்க்க விடும் அனுமதி, கேட்பதுதான் திட்டம். டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு மாடி ஆபீஸ், சுவரில் நயாகரா படம், ஏசி, வந்ததும் காபி. 1,20,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா 18 பெர்சன்ட் கூடும், எதுக்கு?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது! கனடா அரசுக்குப் போன பணம் என்னவோ 340 டாலர்தான்: பெர்மிட்டுக்கு 155, அது ஓப்பன் என்பதற்காகக் கூடுதலாக 100, பயோமெட்ரிக்குக்கு 85. நம் காசில் இருபதாயிரம் சொச்சம். இதெல்லாம் பிறகு கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

வினை வேறு இடத்தில் இருந்தது. 2018-ல் என் தங்கையின் பட்டமளிப்புக்குப் போக பிரிட்டன் விசிட் விசா கேட்டு, ரிஜெக்ட் ஆகியிருந்தது. இதை ஏஜென்டிடம் நான் மறைக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அது லண்டன் விசா. கனடாக்காரனுக்கு எப்படித் தெரியும்? சவத்த விடுங்க அண்ணாச்சி" என்று பதில் வந்தது. விண்ணப்பத்தில் 'எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டார்.

கனடாக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. கனடா, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் விசா விஷயத்தில் கைரேகை விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. 2018-ல் சென்னையில் போய் வைத்த அதே பத்து விரலைத்தான் இந்த முறையும் சென்னையில் போய் வைத்தேன்.

கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்: உண்மையை மறைத்ததாகத் தெரிகிறது, விளக்கம் சொல். விளக்கம் ஏற்கப்படாவிட்டால், அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி ஐந்து வருடத்துக்குக் கனடா வாசலை மிதிக்க முடியாது. போனில் மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அத்தான், அஞ்சு வருஷமா?" என்றாள்.

முதலில் போனது மாமாவின் சிநேகிதர் ஒருவரிடம். பாளை கோர்ட்டில் முப்பது வருட சிவில் வக்கீல். கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "தம்பி, இது என் சோலி இல்ல. கனடா கேஸுக்குக் காசு வாங்கிட்டு அப்பியர் ஆக எனக்கு உரிமை கிடையாது. அபிடவிட் வேணும்னா வா, போட்டுத் தாரேன்" என்றார். அன்றைக்கு எனக்கு ஏமாற்றம்தான். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் அதுதான் என்பது பிறகு உறைத்தது.

ராத்திரி உட்கார்ந்து வாசித்தேன். கனடாவில் குடிவரவு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்க யாருக்கு உரிமை என்று சட்டமே சொல்கிறது. முக்கியமாக, ஏதாவது ஒரு மாகாணத்து வழக்கறிஞர் சங்கத்தில் உள்ள வக்கீல், கியூபெக் நோட்டரி, அல்லது ஆலோசகர்களுக்கான கல்லூரியில் உரிமம் பெற்ற கன்சல்டன்ட். கல்லூரி என்றதும் பாடம் நடத்தும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம், அது 2021-ல் தொடங்கிய ஒழுங்குமுறை அமைப்பு. உரிமம் உள்ளவர்களின் பெயரை அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம்.

இந்தத் தெளிவோடு சென்னையில் ஒரு ஆபீஸுக்குப் போன் போட்டேன். லைசென்ஸ் நம்பர் கேட்டதும் தயங்காமல் சொன்னார்கள். பதிவேட்டில் தட்டினால் பெயரும் இருக்கிறது, உரிமமும் நடப்பில் இருக்கிறது. "அவரிடமே பேசலாமா?" என்றேன். "சார் டொராண்டோல இருக்காங்க, எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பதிவேட்டில் கண்ட முகவரிக்கே நேரடியாக மெயில் போட்டேன். மறுநாள் அந்த மனிதரிடமிருந்து பதில் வந்தது: அப்படி ஒரு ஆபீஸையே அவருக்குத் தெரியாது. நம்பர் அசல்தான், ஆனால் யாரோ அவரைக் கேட்காமலே அதை வைத்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் 'நூறு சதவீதம் கியாரண்டி' என்றார். அவரைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

இதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. மனைவி தன் ஆஸ்பத்திரியில் விசாரித்து மூன்று வக்கீல்களின் பெயர் அனுப்பினாள். ஒன்டாரியோ வழக்கறிஞர் சங்கத்தின் பட்டியலில் மூன்று பேரும் இருந்தார்கள். கன்சல்டன்ட் போதுமா, வக்கீலே வேண்டுமா என்று குழம்பினேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதக் கன்சல்டன்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் முடிவு பாதகமாக வந்தால் அடுத்த படி அங்கே ஃபெடரல் கோர்ட், அதற்கு 60 நாள்தான் கெடு, அங்கே வக்கீல்தான் நிற்க முடியும். அப்போது கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வேறு ஆளிடம் ஓட வேண்டாமே என்று வக்கீலையே பிடித்தேன்.

ஒருவருக்கு அடுத்த வாரம்தான் நேரம் இருந்தது. இன்னொருவர் அலுவலகத்தில் ஜூனியர்தான் பேசுவார் என்றார்கள். மூன்றாமவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் அம்மா வயது இருக்கும். பேசுவதற்கு முன் எல்லாத் தாளையும் அனுப்பச் சொன்னார். இங்கே மாலை ஏழரை, அங்கே காலை பத்து. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"தம்பி, உங்கட பேரிலைதானே கையெழுத்து இருக்கு? பதில்களை வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"இல்ல மேடம், ஏஜென்ட்தான்..."

"ஏஜென்ட் எழுதினாலும் அது உங்கட பதில்தான். அங்க ஏஜென்ட் எண்டு ஒரு ஆளே இல்லை, பாருங்கோ."

பார்த்தேன். பிரதிநிதி யாராவது உண்டா என்று கேட்ட இடத்திலும் 'இல்லை'. 60,000 வாங்கிய மனிதரின் பெயர் மொத்த விண்ணப்பத்திலும் எங்கேயும் இல்லை. நானே உட்கார்ந்து நிரப்பியதுபோல இருந்தது.

ஜெயிக்குமா என்று கேட்டேன். "சொல்ல ஏலாது" என்றார். ஏஜென்ட் மேல் பழி போட்டால் மட்டும் அதிகாரி விடமாட்டார், தவறை ஒத்துக்கொண்டு, பிரிட்டன் கடிதத்தை முழுசாக வைத்து, ஏஜென்டிடம் முன்பே சொன்னதற்கு அந்த வாட்ஸ்அப் உரையாடலை ஆதாரமாகக் காட்டலாம் என்றார். அந்த நாலு வரி உரையாடலை நான் அழிக்காமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். போன் மெமரி நிரம்பி நிறைய அழித்திருந்தேன்.

அன்று இரவே ஒப்பந்தம் வந்தது. என்னென்ன வேலை அவர் செய்வார், எது இந்தக் கட்டணத்தில் வராது, என் பணத்தை அவர் தன் பணத்தோடு கலக்காமல் எந்த டிரஸ்ட் கணக்கில் தனியாக வைப்பார், எல்லாம் எழுத்தில். கூடவே, அவரை என் பிரதிநிதியாக அறிவிக்கும் ஐஎம்எம் 5476 என்ற படிவம். முருகன்குறிச்சியில் ஜெராக்ஸ் கடையை மூடப்போகிற நேரத்தில் பிரிண்ட் எடுத்து, அங்கேயே மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டு. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதிநிதி என்ற இடத்தில் வக்கீலின் பெயரும், உறுப்பினர் எண்ணும், கையெழுத்தும் இருந்தன.

பாளை வக்கீல் சொன்னபடியே அபிடவிட் போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை. ஒன்பதாம் நாள் பதில் போய்ச் சேர்ந்தது.

ஏழு வாரம் கழித்து பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மெயில் வந்தது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று அர்த்தம். இந்த முறை என் மெயிலுக்கே. ஒன்று சொல்ல வேண்டும்: குடிவரவுத் துறையே 'ஆள் வைத்தாக வேண்டிய கட்டாயமில்லை, வைத்தால் முன்னுரிமையும் கிடையாது' என்கிறது. முதல் விண்ணப்பத்தை நானும் மனைவியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தால் முடித்திருப்போம். உண்மையில் ஆள் தேவைப்பட்டது கடிதத்துக்குத்தான்.

போன வாரம் அந்த ஏஜென்ட் கூப்பிட்டார். முன்பணத்தைத் திருப்பத்தான் கூப்பிடுகிறாரோ என்று எடுத்தேன்.

"அண்ணாச்சி, அந்த வக்கீலம்மா நம்பர் கொஞ்சம் கொடுங்களேன். இன்னொரு பார்ட்டிக்கும் அதே லெட்டர் வந்திருக்கு."

அந்தப் பார்ட்டியின் நம்பரை வாங்கிக்கொண்டேன். தென்காசிக்காரர். அன்றைக்கு சாயங்காலமே பேசினேன். கடிதம் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.