இசிஜி கோடு நடுங்கினால் எங்கிருந்து தேடுவது

இசிஜி சரியாக வரவில்லை என்றதும் பலர் கை முதலில் போவது இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் பட்டனுக்குத்தான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். கோளாறு எந்த எலக்ட்ரோடில் (உடலில் மாட்டும் மின்முனை) என்று அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும். ஃபில்டரைப் போட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

லீட் என்பது உடலின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைக் காட்டும் கோடு. லீட் 1 வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே எடுப்பது. லீட் 2 வலது கை, இடது கால். லீட் 3 இடது கை, இடது கால். 1, 2 இரண்டும் கெட்டு 3 சுத்தமாக இருந்தால் வலது கையைப் பாருங்கள். 1, 3 கெட்டால் இடது கை. 2, 3 கெட்டால் இடது கால். எல்லா லீடிலும் ஒரே மாதிரி இரைச்சல் என்றால் வலது கால் எலக்ட்ரோடு, இல்லாவிட்டால் மின்சாரப் பக்கம். நெஞ்சில் எடுக்கும் வி லீடுகளில் வி3 மட்டும் கெட்டிருந்தால் அந்த எலக்ட்ரோடையும் அதன் வயரையும் பார்த்தால் போதும்.

பார்கின்சன் நோயாளிகளிடம் இது மிகவும் உதவும். கை நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 தடவை. நிமிடத்துக்கு 300 வீதம் வரும் ஏட்ரியல் ஃப்ளட்டர் (இதயத்தின் மேலறைகள் சீராக, மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு) நொடிக்கு 5. தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடுங்குவது வலது கை மட்டும் என்றால் லீட் 3 தெளிவாக இருக்கும். உண்மையான ஃப்ளட்டர் பொதுவாக லீட் 2, 3 இரண்டிலும் நன்றாகத் தெரியும்.

கோடு ஒரே சீரான பட்டையாகத் தடித்திருந்தால் மின்சார இரைச்சல். தாள் வேகத்தை நொடிக்கு 50 மி.மீ. வைத்துப் பாருங்கள், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) மின்சாரம் என்றால் மில்லிமீட்டருக்கு ஒரு முனை விழும். பிளக்கைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் எர்த் அல்லது பவர் கார்டில் கோளாறு. நிற்காவிட்டால் கட்டில் மோட்டார், பக்கத்தில் ஓடும் கருவிகள், நோயாளி கேபிளோடு ஒட்டிக்கிடக்கும் பவர் கார்டு என்று ஒவ்வொன்றாக விலக்குங்கள். எர்த் முள்ளை எடுத்துவிட்டு மெஷினை ஓட்டுவது நோயாளியின் உயிரோடு விளையாடுவது, செய்யவே கூடாது.

ஆனால் பெரும்பாலும் கோளாறு தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவில்தான். காய்ந்த ஜெல் கிளாம்பின் உலோகத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும். தோலில் எண்ணெய், வியர்வையைத் துடைத்து, துணியால் லேசாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். நெஞ்சில் ஜெல்லை ஒரே கோடாக இழுத்துப் பூசக்கூடாது: பக்கத்து எலக்ட்ரோடுகள் ஜெல் வழியே சேர்ந்துகொண்டு வி லீடுகள் ஒரே சாயலில் வந்துவிடும்.

கேபிள் மேல் சந்தேகமா? பத்து வயர்களின் முனைகளையும் ஒரே செம்புக் கம்பியில் சேர்த்துப் பிடியுங்கள். நேர்கோடு வர வேண்டும். வந்தபிறகு கனெக்டர் ஓரத்திலும் வயர்கள் பிரியும் இடத்திலும் வளைத்துப் பாருங்கள். கோடு துள்ளினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரில் பார்க்கும்போது பூஜ்யம் ஓம் வரவில்லை என்று கேபிளைத் தூக்கிப்போட வேண்டாம். பல கேபிள்களில் டிஃபிபிரிலேட்டரின் (இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி) அதிர்ச்சியிலிருந்து மெஷினைக் காக்க வயருக்கு 1 அல்லது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும். மற்ற வயர்களோடு ஒப்பிடுங்கள்.

லீட் 2 மட்டும் ஏறக்குறைய நேர்கோடாக வந்தால் வலது கை வயரும் வலது கால் வயரும் இடம் மாறியிருக்கலாம். வயர் நிறங்களுக்கு இரண்டு முறைகள் உண்டு: ஐஇசி என்ற சர்வதேச முறையில் கருப்பு வலது கால், அமெரிக்க முறையில் கருப்பு இடது கை. பச்சையும் அப்படியே மாறும்: ஐஇசி முறையில் இடது கால், அமெரிக்க முறையில் வலது கால். மெஷின் மாறும் இடங்களில் நிறத்தை நம்பாமல் வயரில் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள்.

இதெல்லாம் முடிந்தும் தசை நடுக்கம் அடங்காவிட்டால் போர்வை போர்த்தி, கைகளைத் தளர்த்திப் படுக்கவைத்து, பிறகு ஃபில்டர். 40 ஹெர்ட்ஸ் ஃபில்டர் க்யூஆர்எஸ் (ஒவ்வொரு துடிப்பிலும் வரும் கூர்மையான முனை) உயரத்தைக் குறைக்கும், சின்ன வெட்டுகளை மறைக்கும். கோடு மேலும் கீழும் அலைவதை நிறுத்த ஃபில்டரின் கீழ் எல்லையை 0.05-இலிருந்து 0.5 ஹெர்ட்ஸாக உயர்த்தினால் சில மெஷின்களில் க்யூஆர்எஸ்ஸுக்கு அடுத்து வரும் எஸ்டி பகுதி உருமாறிவிடும். மாரடைப்பைத் தேடும் இசிஜியில் அதைத் தொடவே வேண்டாம். எந்த ஃபில்டர் போட்டாலும் அதன் அளவு தாளில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.