பதினான்கு ஆட்டங்கள்

ஜனவரி 10, 2025 – வெள்ளி

பெண்கள் கால்பந்தின் தேசிய லீக்கான இந்தியன் விமன்ஸ் லீக் இன்று தொடங்கிவிட்டது. ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளா, ஒடிசா, கிக்ஸ்டார்ட், ஹாப்ஸ், நீதா, ஸ்ரீபூமி, அப்புறம் நம் மதுரையின் சேது. எட்டே அணிகள். மற்ற ஏழு அணிகளோடும் சொந்த மைதானத்தில் ஒன்று, அவர்கள் மைதானத்தில் ஒன்று என்று ஆளுக்கு 14 ஆட்டம். ஏப்ரலில் முடிந்துவிடும்.

பயிற்சி முடிந்ததும் நான் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் பெண் பிள்ளைகளுக்கு அட்டவணையைக் காட்டினேன். எங்கள் கோல்கீப்பர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "வருசத்துக்கே இவ்வளவுதானாக்கா?" என்று கேட்டாள். ஆண்களின் தேசிய லீக்கான ஐ.எஸ்.எல்.லில் இந்த சீசன் ஓர் அணிக்கு 24 லீக் ஆட்டம். அதையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

நவம்பர் 20-ல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை எங்கள் மைதானத்தையும் விட்டுவைக்கவில்லை. மண்டபத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த உவர் நிலம் இப்போதுதான் காய்ந்திருக்கிறது. ஓரமெல்லாம் சீமைக்கருவேலம் தளிர்விட்டு நிற்கிறது. முள் பந்தில் ஏறினால் பிளாடர் போச்சு, காலில் ஏறினால் ஒரு வாரம் போச்சு. நாளை காலை அரிவாளோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 19 – ஞாயிறு

வாடைக் காற்று சரியாக வடக்குக் கோல் பக்கமிருந்து அடிக்கிறது. கோல்கிக் அடித்தால் பந்து பாதி வழியில் நின்று திரும்புகிறது. தரையோடு பாஸ் கொடுத்து ஆட இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அதையே பயிற்சியாக்கிவிட்டேன்.

ஒரு பிள்ளை, சேது எப்போது கோப்பை வாங்கியது என்று கேட்டாள். 2019 மே மாதம், லூதியானாவில். இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றார்கள். அந்தக் காலத்து லீக் வேறு மாதிரி. எல்லா அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்து, சில வாரங்களில் ஆடி முடித்து அனுப்பிவிடுவார்கள். 2017-ல் நடந்த முதல் சீசன் டெல்லியில் அப்படித்தான் நடந்தது. ஊர் ஊராகப் போய் ஆடும் முறை 2023-24 சீசனில்தான் வந்தது. அதில் ஏழு அணி, ஆளுக்கு 12 ஆட்டம். இந்த வருடம் இரண்டு கூடியிருக்கிறது. கூடியதற்கு மகிழ்ச்சிதான், ஆனால் என் மனம் இதில் ஆறவில்லை.

பிப்ரவரி 2 – ஞாயிறு

கோல்கீப்பரின் அம்மா மைதானத்துக்கே வந்துவிட்டார். விடியற்காலையில் மகளும் அவரோடு சேர்ந்து, கடலில் வளர்க்கும் பாசியைக் கயிற்றில் கட்டுகிறாள். நைலான் கயிற்றில் பாசி விதையை முடிந்து முடிந்து அவளுடைய விரல் இடுக்கெல்லாம் வெட்டு. கையுறைக்குள் உப்பு வியர்வை இறங்கும்போது அவள் முகம் சுருங்குவதை நான் தினமும் பார்க்கிறேன்.

"தாயி, இதுல சம்பளம் உண்டா?" என்று நேராகவே கேட்டார். நானும் நேராகவே சொன்னேன். லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2023-ல் முடிவெடுத்தது. மாசக் கணக்கில் பார்த்தால் இருபத்தாறாயிரத்துக்குச் சற்று மேல்.

"வருசம் பூராக் கொடுப்பாகளா, ஆட்டம் நடக்குற மூணு மாசத்துக்கு மட்டுமா?"

எத்தனை கோச்சுகள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! ஒப்பந்தத்தில் எத்தனை மாசம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதையும், கடலூர்ப் பிள்ளை இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் மகளைப் பயிற்சியிலிருந்து நிறுத்தவில்லை.

பிப்ரவரி 15 – சனி

நாங்கள் போகவிருந்த போட்டி ரத்து. பெண்கள் பிரிவில் அணிகள் போதவில்லையாம். ஆண்கள் பிரிவு நடக்கிறது. பஸ்ஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் இரண்டு பந்து வாங்கினேன். ஒரு பந்து இருந்தால் ஒரு வருடம் பயிற்சி செய்யலாம். எதிரணி இல்லாமல் எதைக் கற்றுக்கொடுப்பது?

மார்ச் 8 – சனி

பிளஸ் டூ பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்விட்டார்கள். வேதாளைப் பிள்ளைகளுக்கு நோன்பு. அதனால் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு, பள்ளிவாசல் பக்கத்துத் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டோம். ஓட்டம் கிடையாது. பந்தை வாங்குவது, திருப்புவது, கொடுப்பது மட்டும். நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வந்துவிடுகிறது. மாதா கோயில் தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

லீக்கில் கோகுலத்தின் உகாண்டாக்காரி ஃபாசிலா இக்வாபுட் கோல் மழை பொழிகிறாள். பிள்ளைகளோடு உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தோம். பந்து வருவதற்கு முன்னாலேயே அவள் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள். அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். கோலை விட அந்தப் பார்வை முக்கியம்.

ஏப்ரல் 6 – ஞாயிறு

புதிய பாம்பன் பாலத்தைத் திறக்கப் பிரதமர் வந்திருக்கிறார். சாலை முழுக்கக் கூட்டமும் போலீஸும். பயிற்சி இல்லை.

ஏப்ரல் 11 – வெள்ளி

ஈஸ்ட் பெங்கால் சாம்பியன். ஒடிசாவை 1-0 என்று வென்றார்கள், கோல் சௌம்யா குகுலோத். ஆண்கள் அணி 2003-04-ல் தேசிய லீக்கை வென்றதற்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு தேசிய லீக் பட்டம் என்று ஒன்று கிடைத்திருப்பது இப்போதுதான். பெண்கள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கோச் அந்தோணி ஆண்ட்ரூஸ் இதற்கு முன் கோகுலத்துக்கும் இரண்டு முறை இதே கோப்பையை வாங்கித் தந்தவர்.

ஏப்ரல் 20 – ஈஸ்டர்

சீசன் முடிந்தது. கோகுலம் இரண்டாமிடம். ஃபாசிலாவுக்கு 24 கோல். சேது லீக்கில் நிலைத்துவிட்டது. போன வருடச் சாம்பியன் ஒடிசாவும் ஹாப்ஸும் கீழே இறங்கிவிட்டன.

ஒடிசாவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 2023-24-ல் 12 ஆட்டம் ஆடி இந்தியாவின் சாம்பியன் ஆன அணி அது. அந்தத் தகுதியோடு 2024 அக்டோபரில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஜப்பானின் உராவா ரெட்ஸை எதிர்த்து ஆடப் போய் 0-17 என்று தோற்றது. அன்று சமூக ஊடகங்களில் அந்தப் பெண்களைக் கேலி செய்தவர்கள் ஏராளம். உராவா ஆடும் ஜப்பான் லீக்கில் 12 அணி, ஒரு சீசனில் 22 ஆட்டம். அதற்கு மேல் கோப்பைப் போட்டிகள் வேறு. 12 ஆட்டம் ஆடியவள் 22 ஆட்டம் ஆடியவளோடு மோதினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. வருடா வருடம் இந்த ஆட்டக் குறைவு சேர்ந்துகொண்டே போகிறது. நம் பிள்ளைகளுக்குக் காலில் குறையில்லை, மூச்சில் குறையில்லை. ஆட்டம்தான் குறை. தேசிய லீக்கிலும் அதே குறை, மண்டபத்து உவர் நிலத்திலும் அதே குறை.

15-ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஐஸ் பெட்டி ஏற்றும் மினி லாரிகள் சும்மா நிற்கின்றன. இன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு லாரிக்கார அண்ணனிடம் கேட்டேன்: டீசல் நாங்கள் போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகளை ஏற்றிப்போவீர்களா? "என் மக ஆடுனா சும்மாவே வர்றேன்" என்றார். அவருடைய மகள் இதுவரை ஆடியதில்லை. நாளை வருகிறாள்.

மே 4 – ஞாயிறு

எங்கள் லீக் தொடங்கியது. மண்டபம், வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம். நான்கு அணி, ஊருக்கு ஊர் போய் ஆடும் முறை. வயது வரம்பு பார்த்தால் அணியே சேராது என்பதால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரிப் பிள்ளையும் ஒரே அணியில். பாம்பனில் ஆடி 0-4 என்று தோற்றோம்.

மே 25 – ஞாயிறு

கச்சான் காற்று எழுந்துவிட்டது. மணல் பறந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனாலும் ஆடினார்கள்.

இன்று பாம்பன் எங்கள் மைதானத்துக்கு வந்தது. போன முறை நான்கு கோலையும் அவர்களுடைய வலது விங் பிள்ளைதான் உருவாக்கினாள். கோட்டை ஒட்டி ஓடிவந்து கடைசியில் உள்ளே வெட்டுவாள். இந்தமுறை எங்கள் இடது டிஃபென்ஸ் பிள்ளை, நான் ஒரு வார்த்தை சொல்லாமலேயே, நான்கு அடி பின்வாங்கி உள்பக்கமாக நின்றுகொண்டாள். விங் பிள்ளைக்கு வெளியே போகும் வழி மட்டும்தான் மிஞ்சியது. போனாள், கிராஸ் அடித்தாள், கச்சான் அந்தப் பந்தைக் கடல் பக்கம் கொண்டுபோனது. பாதி ஆட்டத்துக்குள் பாம்பன் கோச் அந்தப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிவிட்டார். உடனே எங்கள் கோல்கீப்பர் பின்னாலிருந்து கத்தி இரண்டு டிஃபென்ஸையும் இடம் மாற்றினாள். ஆட்டம் 1-1.

ஒரே எதிரணியை இரண்டாம் முறை சந்திக்கும்போதுதான் இது நடக்கும். முதல் ஆட்டத்தில் தோற்றவள் மூன்று வாரம் அந்தத் தோல்வியை மனத்தில் வைத்து உருட்டுகிறாள். பாசி கட்டும்போது, பாத்திரம் கழுவும்போது, தூங்கப்போகும்போது. அடுத்த ஆட்டம் ஒன்று உண்டு, அதற்குத் தேதி உண்டு என்று தெரிந்தால்தான் அப்படி யோசிக்கத் தோன்றும். ஒரு நாள் போட்டியில் தோற்றால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து மறந்துவிடுவார்கள். வருடக்கணக்காக நான் வாயால் சொன்னது நுழையாத இடத்தில் பாம்பன் விங் பிள்ளை நுழைந்துவிட்டாள். அவளுக்கு நன்றி.

ஜூன் 15 – ஞாயிறு

தடைக்காலம் முடிந்தது. நள்ளிரவிலிருந்தே படகுகள் கிளம்பிவிட்டன. லாரியும் போய்விட்டது. தங்கச்சிமடம் கோப்பை வாங்கியது. தேங்காய் எண்ணெய் டின்னில் பூ வைத்த கோப்பைதான், ஆனால் தெரு முழுக்க ஊர்வலம் போனார்கள்.

ஜூலை 5 – சனி

இந்தியா ஜெயித்துவிட்டது! சியாங் மாயில் தாய்லாந்தை 2-1. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். தகுதிச் சுற்றில் ஆடி நம் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போவது இதுதான் முதல் முறை. தரவரிசையில் தாய்லாந்து 46, நாம் 70. மங்கோலியாவை 13-0, திமோர்-லெஸ்டேயை 4-0, ஈராக்கை 5-0 என்று வென்று இந்த ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். ஈராக்குக்கு எதிரான கோல்களில் ஒன்று தமிழ்நாட்டுப் பிள்ளை கார்த்திகா அங்கமுத்து அடித்தது. கோச் கிறிஸ்பின் சேத்ரி ஒருகாலத்தில் சேதுவின் கோச்.

கோல்கீப்பர் வீட்டுத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கடைசி விசில் அடித்ததும் அவளுடைய அம்மாதான் முதலில் எழுந்து கை தட்டினார். அப்புறம் என்னிடம், "அடுத்த வருசம் லீக்குல ஆட்டத்தைக் கூட்டுவாகளா?" என்றார். கூட்ட வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜூலை 8 – செவ்வாய்

லாரி இல்லாவிட்டாலும் லீக்கை நிறுத்தப்போவதில்லை. ஞாயிறுகளில் அரசுப் பஸ்ஸிலேயே போகிறோம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, உங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்தாலும் போதும், எழுதுங்கள். முதலில் உங்கள் ஊருக்கு நாங்கள் வருகிறோம். மூன்று வாரம் கழித்து நீங்கள் இங்கே வாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.