ஒளிந்திருந்த வாலட் கோப்பு

பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்ய உட்கார்ந்தேன். நல்லவேளை, கை வைக்கும் முன் அதிலிருந்த பிட்காயின் கோர் (என் பிட்காயினுக்கான வாலட் மென்பொருள்) ஞாபகம் வந்தது. புரோகிராம் ஃபைல்ஸ் முழுக்கத் துழாவினால் மென்பொருள்தான் இருக்கிறது, காசைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவியைக் காணோம்!

சாவிகள் இருப்பது 'வாலட்.டாட்' என்ற கோப்பில். என் விண்டோஸில் அது ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் பிட்காயின் ஃபோல்டரில் கிடந்தது. ஆப்டேட்டாவே மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர், அப்புறம் எப்படிக் கண்ணில் படும்? (லினக்ஸ் என்றால் இந்தப் பிட்காயின் ஃபோல்டர் ஹோம் ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு இருக்கும்.)

பக்கத்திலேயே, எல்லாருடைய பிட்காயின் பரிவர்த்தனைப் பதிவுகளும் சேரும் பிளாக்ஸ் ஃபோல்டர் டிஸ்க்கை அடைத்துக்கொண்டு கிடந்தது. அது அழிந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இந்தக் குட்டிக் கோப்பு போனால் காசும் போச்சு.

மென்பொருளை மூடிவிட்டு இரண்டு பென்டிரைவில் நகலெடுத்தேன். சரி, பாஸ்வேர்டு என்ன வைத்தேன்? அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.