டோக்கியோ டிஸ்னி சீ: முதலில் தேதி, அப்புறம்தான் டிக்கெட்

ஜப்பானுக்குக் குடும்பத்தோடு போய், டோக்கியோ டிஸ்னி சீ என்ற கேளிக்கைப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். "எந்தத் தேதியில் போனீங்க?" என்று ஒருவரும் கேட்பதில்லை. செலவு, வரிசை, பிள்ளைகளின் அழுகை எல்லாமே அந்தத் தேதியைப் பொறுத்தது என்பேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஏப்ரலில் தேர்வு முடிகிறது. முடிந்த கையோடு கிளம்பிவிடலாம் என்றாள் மனைவி. ஆனால் ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரை ஜப்பானில் அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். கோல்டன் வீக் என்பார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு முதல் நாள் பேருந்து நிலையம் எப்படி இருக்குமோ, அந்த வாரம் அங்கே ரயில், ஓட்டல், பூங்கா எல்லாம் அப்படித்தான். ஜூன் பிறந்தால் டோக்கியோவில் மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் அவர்களுக்குக் கோடை விடுமுறை, புழுக்கம் வேறு. இவற்றையெல்லாம் கழித்தால் எங்களுக்கு மிஞ்சியது மே நடுப்பகுதி. அதிலும் சனி, ஞாயிறு வேண்டாமென்று ஒரு புதன்கிழமையை எடுத்தோம். பள்ளிச் சீருடையோடு சுற்றுலா வந்த மாணவர் கூட்டம் அன்றும் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் நடக்க இடம் இருந்தது.

டிக்கெட் விலையே நாளுக்கு நாள் மாறும். நாங்கள் வாங்கியபோது பெரியவர்களுக்கு ஒரு நாள் டிக்கெட் 7,900 யென்னில் தொடங்கி 10,900 வரை போனது. கூட்டம் வரும் என்று அவர்கள் கணிக்கும் நாளில் விலை கூடும். எந்த நாள் காலியாக இருக்கும் என்று தேடி அலைவதைவிட, அந்த விலைப்பட்டியலைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மலிவான நாளில் போனால் பணமும் மிச்சம், காலும் மிச்சம்.

அடுத்த சண்டை, எந்தப் பூங்கா என்பது. டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983-இல் திறந்தது, டிஸ்னி சீ 2001-இல். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், சிபா மாகாணத்தின் உராயாசு நகரில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் இருக்கின்றன. டிக்கெட் தனித்தனி. ஐந்து வயது மகளுக்கு டிஸ்னிலேண்ட்தான் பொருத்தம் என்றாள் மனைவி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிஸ்னிலேண்ட் ஹாங்காங்கிலும் இருக்கிறது, பின்னொரு நாள் போய்க்கொள்ளலாம். டிஸ்னி சீ உலகத்திலேயே இங்கே மட்டும்தான். அந்த வாதம் ஜெயித்தது. அம்மா மட்டும், "ராட்டினத்துல ஏற இவ்வளவு தூரமா? தீவுத்திடல்ல இல்லாததா?" என்று விமானத்தில் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

விசாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், அலுவலகக் கடிதம், எந்த நாள் எந்த ஊரில் எந்த ஓட்டலில் தங்குகிறோம் என்ற பயண அட்டவணை. பூங்கா போகும் நாள் அந்த அட்டவணையில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் மின்விசாவில் ஒரு நுணுக்கம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு அது வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். விமான நிலையத்தில் இணையத்தோடு மின்விசா தளத்துக்குள் போய், அங்கே தெரியும் விசா அறிவிப்பை அப்படியே திரையில் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோ, பிடிஎஃப் கோப்போ, அச்செடுத்த தாளோ செல்லாது. எதற்கும் ஒரு நகல் கையில் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பில் போடும் நம் வழக்கம் இங்கே எடுபடாது. போனில் சார்ஜ் இருக்கட்டும்.

இனி டிக்கெட். போகும் தேதிக்குச் சரியாக இரண்டு மாதம் முன்னால், ஜப்பான் நேரம் மதியம் 2 மணிக்கு விற்பனை திறக்கும். நமக்கு அது காலை 10:30. புதன்கிழமை டிக்கெட் என்பதால் மூச்சு வாங்க ஓட வேண்டியதில்லை, அன்று மாலை வாங்கினாலும் கிடைத்திருக்கும். கார்டுதான் படுத்தியது. இந்தியாவில் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் போய்த் திறந்துவிட வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அது. அதைத் திறந்த பிறகும் ஒரு கார்டு நகரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. மனைவியின் கார்டில் ஒரே தடவையில் போய்விட்டது. வேறு வங்கியின் கார்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இடைத்தரகு செயலிகளிலும் இந்த டிக்கெட் கிடைக்கிறது. ஆனால் தேதி மாற்ற வேண்டியிருந்தால் பெரும்பாலும் அங்கே வழி இருக்காது.

தங்குவதற்குப் பூங்காவை ஒட்டியே டிஸ்னி ஓட்டல்கள் இருக்கின்றன. அங்கே தங்கினால் காலையில் மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் முன்பாக உள்ளே விடுவார்கள். அந்தக் கால் மணிக்கு அவர்கள் வாங்கும் வாடகை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. நாங்கள் எடுத்தது நிஷிகசாய். டோக்கியோவின் எடோகாவா வட்டத்தில், பூங்காவிலிருந்து அதிகத் தூரமில்லாத பகுதி. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் குடியேறிப் பெருகிய இடம். தெருவில் தமிழ் காதில் விழும். இட்லி, தோசை கிடைக்கும், மளிகைக் கடையில் புளியும் பெருங்காயமும் கிடைக்கும். அம்மாவுக்கு ஜப்பான் பிடித்துப்போனது அங்கேதான்.

டோக்கியோ ரயில் நிலையத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பூங்காவுக்கு இறங்க வேண்டிய நிலையம் மாய்ஹாமா. கெய்யோ தடத்தில் கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் டோக்கியோ நிலையத்துக்குள் அந்தத் தடத்தின் நடைமேடை பூமிக்கடியில் வெகுதூரத்தில் இருக்கிறது. வயதானவர்களோடு போனால் அந்த நடைக்கே தனியாக நேரம் ஒதுக்குங்கள். மாய்ஹாமாவில் இறங்கியதும் மோனோரயில் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வரிசையில் நிற்காமல் போகக் காசு கட்டும் வசதிக்கு இங்கே பிரீமியர் ஆக்சஸ் என்று பெயர். சவாரியைப் பொறுத்து ஒருவருக்கு 1,500 முதல் 2,500 யென். அதை வீட்டிலிருந்து வாங்க முடியாது. வாயிலில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போன பிறகு, பூங்காவின் செயலியில்தான் வாங்க முடியும். ஒன்று வாங்கினால் அடுத்ததற்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். பேர்போன சவாரிகளுக்குக் காலையிலேயே தீர்ந்துவிடும்.

இதில் நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு பிரச்சினை உண்டு. உள்ளே நின்றுகொண்டு பணம் கட்டும்போது ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஜப்பான் இசிம் போட்டதும் இந்திய சிம்மை அணைத்துவிடுவது பலருடைய பழக்கம். அணைக்க வேண்டாம். ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மட்டும் நிறுத்தி, குறுஞ்செய்தி வரும்படி விட்டுவையுங்கள். எல்லாருடைய டிக்கெட்டையும் ஒரே போனில் ஏற்றி, கார்டு விவரத்தையும் முதல் நாள் இரவே பதிந்து வைத்திருந்தேன். 2024 ஜூனில் திறந்த ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஒரு சவாரிக்கும், சோரிங் என்ற பறக்கும் சவாரிக்கும் மட்டும் காசு கட்டினோம். மற்றதெல்லாம் வரிசையில் நின்றுதான். எல்லாவற்றுக்கும் கட்டினால் டிக்கெட் விலையைத் தாண்டிவிடும். அது எனக்குச் சம்மதமில்லை.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே அளந்துவிட்டுப் போங்கள். சோரிங்கில் ஏற 102 செ.மீ. வேண்டும், மகள் தப்பித்தாள். எரிமலைக்குள் ஓடும் வண்டிக்கும் ரேஜிங் ஸ்பிரிட்ஸ் என்ற ரோலர் கோஸ்டருக்கும் 117 செ.மீ. அதில் அண்ணன் மட்டும்தான் ஏற முடியும் என்பதை அவளிடம் சென்னையிலேயே சொல்லி, அழுகையையும் சென்னையிலேயே முடித்துவிட்டோம். மகனோடு நான் ஏறும்போது மனைவி வெளியே மகளோடு நின்றுவிட்டு, பிறகு திரும்ப வரிசையில் நிற்காமல் அவளும் ஏறிக்கொள்ளும் ரைடர் ஸ்விட்ச் என்ற வசதி இருக்கிறது. ஊழியரிடம் கேட்டால்தான் தருவார்கள். அம்மா எதிலும் ஏறவில்லை. ஏரியைச் சுற்றிவரும் நீராவிப் படகில் மட்டும் திரும்பத் திரும்பப் போனார், அதற்கு வரிசையே இல்லை.

சாப்பாடு சைவக்காரர்களுக்குச் சிரமம்தான். பூங்காவுக்குள் காஸ்பா ஃபுட் கோர்ட் என்ற உணவகத்தில் 'நான்' ரொட்டியும் குழம்பும் உண்டு, படம் பார்த்தால் நம் ஊர் மாதிரியே இருக்கும். ஆனால் ஜப்பானியச் சமையலில் மீன் சாறு எதில் இருக்கும், எதில் இருக்காது என்று கண்ணால் சொல்ல முடியாது. கட்டுச்சோறு கொண்டுபோய் உள்ளே சாப்பிட அனுமதியில்லை. அதற்கென்று வாயிலுக்கு வெளியே ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வெளியே போய்த் திரும்பி உள்ளே வரவும் விடுவார்கள். நிஷிகசாயில் கிளறிய புளியோதரையை மதியம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். நேரம் கொஞ்சம் போனது, ஆனால் அம்மாவின் வயிறும் என் பர்ஸும் காப்பாற்றப்பட்டன. பாப்கார்ன் விற்கும் வண்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சுவை. கறிமசால் பாப்கார்னுக்குத்தான் நீளமான வரிசை. எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகள் வாளியைக் காலி செய்தார்கள்.

ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போகிறவர்கள் மேலே சொன்னதை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம். அங்கே விதி நேர்மாறு. வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸை முன்கூட்டியே விற்கிறார்கள், கூட்டமான நாளில் அது நுழைவுச் சீட்டைவிட விலை கூடிவிடும். 2021-இல் திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் பகுதிக்குள் போக, கூட்டமான நாட்களில் நேரம் குறித்த தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். பாஸ் இல்லாதவர்கள் உள்ளே போனதும் முதல் வேலையாகச் செயலியில் அந்தச் சீட்டை எடுக்க வேண்டும். 65 வயது ஆனவர்களுக்கு அங்கே சலுகை விலை உண்டு, டோக்கியோவில் சாதாரண ஒரு நாள் டிக்கெட்டில் அது கிடையாது. அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போனோம்.