உபுண்டு 22.04-இல் ஜிசிசி 11-உம் ஜிசிசி 13-உம்

உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்புநிலை கம்பைலர், அதாவது சி, சி++ மொழிகளில் எழுதியதை இயங்கும் நிரலாக மாற்றும் மென்பொருள், ஜிசிசி 11. சி++20-இன் எஸ்டிடி ஃபார்மட் என்ற உரை வடிவமைப்பு வசதியோ ஜிசிசி 13-இல்தான் வந்து சேர்ந்தது. அதை நம்பி எழுதிய நிரலை இந்த அமைப்பிலேயே கம்பைல் செய்ய வேண்டுமானால், புதிய பதிப்பைத் தனியாக நிறுவியாக வேண்டும். உபுண்டு டூல்செயின் பிபிஏ என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவினால், ஜிசிசி-13, (சி++-க்கான) ஜி++-13 என்ற பெயர்களில் இரண்டும் பழையவற்றின் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன.

இதற்குப் பிறகு பலரும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற கட்டளை மூலம் ‘ஜிசிசி’ என்ற பொதுப்பெயரையே 13-க்குத் திருப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெயரை நாம் மட்டும் அழைப்பதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் புதுப்பிக்கப்படும்போது டிரைவர் மாட்யூல்களை மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் என்ற கருவியும் அழைக்கிறது. 2024 தொடக்கத்தில் 22.04-க்கு வந்த 6.5 கெர்னல் ஜிசிசி 12-ஆல் கட்டப்பட்டிருந்ததால், 11-ஐ அழைத்த மாட்யூல்கள் ‘ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்’ என்ற ஆப்ஷன் தெரியாது என்று பாதியில் நின்றன. கெர்னலைக் கட்டிய பதிப்பும் மாட்யூலைக் கட்டும் பதிப்பும் ஒன்றாக இருப்பதே பாதுகாப்பு. தவிர, ஜிசிசி-யைத் திருப்பியவர்கள் ஜி++-ஐத் திருப்ப மறந்து, சி கோப்புகளை 13-உம் சி++ கோப்புகளை 11-உம் கம்பைல் செய்வதும் நடக்கிறது.

ஆகவே பொதுப்பெயரை விட்டுவிட்டு, வேண்டிய திட்டத்துக்கு மட்டும் சிசி, சிஎக்ஸ்எக்ஸ் என்ற சூழல் மாறிகளில் பதிப்பு எண்ணோடு பெயரைக் கொடுக்கலாம். சிமேக் என்ற பில்ட் கருவி இவற்றை முதல் முறை மட்டுமே பார்த்துக் கேஷில் எழுதிக்கொள்வதால், கம்பைலரை மாற்றும்போது பில்ட் அடைவையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இவ்வளவு கவனித்தும் ஒன்று பொதுவாகவே இருக்கிறது: சி++ நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் லிப்எஸ்டிடிசி++ நூலகம். கம்பைலர்கள் எத்தனை இருந்தாலும் அமைப்பில் இந்த நூலகம் ஒன்றுதான். பிபிஏ அதையும் சேர்த்தே உயர்த்திவிடுகிறது. பின்னோக்கிய இணக்கம் இருப்பதால் பழைய நிரல்கள் ஓடும். ஆனால் நம் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல், பிபிஏ இல்லாத வேறொரு 22.04 கணினியில் ‘ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 இல்லை’ என்று தொடங்கும்போதே விழக்கூடும். அந்த எண் இந்த நூலகத்தின் பதிப்புக் குறி; அங்குள்ள நூலகம் 3.4.30 வரைதான் அறியும். வெளியே கொடுக்கும் நிரல்களை நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++ ஆப்ஷனோடு லிங்க் செய்வதே நான் பின்பற்றும் வழி. கோப்பு சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான்.