வீட்டோ: ஒரே ஒரு மறுப்பின் வலிமை

இலத்தீனில் 'நான் தடுக்கிறேன்' என்று பொருள்படும் 'வீட்டோ' என்ற சொல்லைச் செய்திகளில் பலர் 'எதிர்ப்பு' என்றே எழுதுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. எதிர்த்து வாக்களிப்பதும் வீட்டோவும் ஒன்றல்ல. ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று எதிர்த்தாலே தீர்மானம் தோற்றுவிடும்; அந்த அதிகாரமே வீட்டோ.

1961 டிசம்பரில் இந்தியப் படைகள் போர்ச்சுகலின் பிடியிலிருந்த கோவாவுக்குள் நுழைந்தபோது, சண்டையை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறுமாறு இந்தியாவைக் கோரும் தீர்மானத்தை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ஆகிய நாடுகள் ஐ.நா. பாதுகாப்பு அவையில் கொண்டுவந்தன. அப்போது அவையில் 11 உறுப்பினர்களே இருந்தனர். தீர்மானம் நிறைவேற 7 வாக்குகள் போதும், அந்த 7 வாக்குகளும் கிடைத்துவிட்டன. இலங்கை, லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு (அன்றைய எகிப்து) ஆகிய மூன்றும் எதிர்த்து வாக்களித்தன என்றாலும், அவற்றால் மட்டும் அதைத் தடுத்திருக்க முடியாது. நிரந்தர உறுப்பினரான சோவியத் ஒன்றியமும் எதிர்த்ததால்தான் தீர்மானம் தோற்றது. நான்கு எதிர்ப்புகளில் ஒன்று மட்டுமே வீட்டோ.

ஐ.நா. சாசனத்தில் 'வீட்டோ' என்ற சொல்லே கிடையாது. நிரந்தர உறுப்பினர்களின் இசைவு வாக்குகளும் வேண்டும் என்று 27ஆம் பிரிவு சொல்வதிலிருந்தே இந்த அதிகாரம் பிறக்கிறது. அவையை நடத்தும் நடைமுறை சார்ந்த முடிவுகளுக்கு இது பொருந்தாது. வாக்களிக்காமல் விலகி நிற்பதும் வீட்டோவாகக் கருதப்படுவதில்லை.

தமிழில் 'ரத்து அதிகாரம்' என்பதைவிடத் 'தடுப்பதிகாரம்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில், இன்னும் நிறைவேறாத ஒன்றை ரத்து செய்ய இயலாது.